சரிந்த விலையோடு கடன் தவணையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சந்தை சரியும் வாரங்களில் வணிகப் பக்கத்தில் தவறாமல் ஒரு பட்டியல் வருகிறது: 52 வாரங்களில் காணாத குறைந்த விலைக்கு இறங்கிய பங்குகள். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பணம் போட நினைப்பவர்களின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். ஆனால் அதில் இருப்பது விலை மட்டும். நெருக்கடியைத் தாண்டப் போகிற நிறுவனம் எது, மூழ்கப் போகிறது எது என்று காட்டும் எண் அதில் இல்லை. அந்த எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

100-க்கு விற்ற பங்கு 10-க்கு வந்துவிட்டால், இனி எங்கே இறங்கப் போகிறது என்று தோன்றும். அது 5-க்கு இறங்கினால், 10-க்கு வாங்கியவருக்குப் பாதிப் பணம் போய்விட்டது. 90 சதவீதம் சரிந்தது என்பது ஏற்கெனவே வைத்திருந்தவரின் கணக்கு. இன்று வாங்குபவரின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தது. மனுவில் காட்டிய சொத்து 63,900 கோடி டாலர், கடன் 61,300 கோடி டாலர். ஏட்டளவில் கடனைவிடச் சொத்து அதிகம்தான். ஆனால் அன்றாடம் புதுப்பித்தாக வேண்டிய குறுகிய காலக் கடனைக் கொண்டு நீண்ட காலச் சொத்துகளை அது சுமந்துகொண்டிருந்தது. புதுப்பிக்க ஆள் இல்லாமல் போன நாளில் ஏட்டுச் சொத்து கைகொடுக்கவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்தப் பங்கின் முடிவு விலை 3.65 டாலர். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய கடன். நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் பட்டியலிடும் இருப்புநிலைக் குறிப்பில் நடப்புப் பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் குறுகிய காலக் கடனும், நீண்ட காலக் கடனில் இந்த ஆண்டு முதிரும் பகுதியும் இருக்கும். இரண்டையும் கூட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் கையிருப்பு ரொக்கத்தை எழுதுங்கள். அதோடு, தொழிலிலிருந்து சாதாரண ஆண்டில் வரும் நிகர ரொக்கத்தில் பாதியை மட்டும் சேருங்கள். நெருக்கடியில் முழுதும் வராது.

ஓர் உதாரணம். ரொக்கம் 40 கோடி; ஆண்டுக்கு வழக்கமாக வரும் ரொக்கம் 90 கோடி, அதில் பாதி 45 கோடி. ஆக, கைக்கு எட்டுவது 85 கோடி. கட்ட வேண்டியது 120 கோடி என்றால் 35 கோடி துண்டு விழுகிறது. நல்ல காலத்தில் வங்கி ஒரே கையெழுத்தில் அந்தக் கடனைப் புதுப்பித்துவிடும். நெருக்கடியில் மறுக்கும், அல்லது வட்டியை ஏற்றும். அப்போது நிறுவனம் நல்ல சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்கும், இல்லையேல் அடிமட்ட விலையில் புதுப் பங்குகளை வெளியிடும். இதைவிடப் பெரிய கடன், 300 கோடி, உள்ள இன்னொரு நிறுவனம், இந்த ஆண்டு கட்ட வேண்டியது 30 கோடிதான் என்றால் அசையாமல் நிற்கலாம். மொத்தக் கடனைச் சொந்த மூலதனத்தோடு ஒப்பிடும் விகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. எந்த ஆண்டில் எவ்வளவு கடன் முதிர்கிறது என்ற விவரம் பெரும்பாலும் ஆண்டறிக்கையின் பின்னிணைப்புக் குறிப்புகளில் கிடைக்கும்.

ரொக்கத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உத்தரவாதமாக வங்கியில் அடகு வைத்த வைப்புத்தொகையைக் கழித்துவிடுங்கள். இன்னும் எடுக்காத கடன் வரம்பு ரொக்கம் ஆகாது. தேவைப்படும் நேரத்தில்தான் அது சுருங்கும். ஆண்டுக் கடைசி நாளில் 100 கோடி ரொக்கம் காட்டும் நிறுவனம், ஆண்டு முழுவதும் ஈட்டிய வட்டி வருமானம் ஒரு கோடிகூட இல்லை என்றால், அந்தப் பணம் ஆண்டு முழுவதும் அங்கே இருந்ததா என்று கேட்டாக வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பல தவறுகளைத் தவிர்க்கலாம். இன்னொன்று கடன் ஒப்பந்த நிபந்தனை: லாபம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இருக்கக்கூடும். அப்படியானால் ஐந்தாண்டுக் கடனும் இந்த ஆண்டுக் கடனாகிவிடும்.

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கொடுத்த கடன்களின், செய்த முதலீடுகளின் தரத்தை வெளியிலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது என்பதால், நெருக்கடியில் அந்தப் பங்குகளுக்கு ஒதுக்கும் தொகை சிறிதாகவே இருக்கட்டும்.

அடுத்து ஐந்தாண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் அதே ஐந்தாண்டுக்குக் கூட்டுங்கள். இரண்டாவது தொகை மிகவும் குறைந்து நின்றால், காட்டிய லாபம் வாடிக்கையாளர்களிடம் வசூலாகாத பாக்கியிலோ விற்காத சரக்கிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. வட்டி கட்டும் திறனுக்கு ஓர் அளவு: வட்டியைக் கழிக்கும் முன் உள்ள லாபம் பாதியாகக் குறைந்தாலும், அது வட்டியைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும்.

நிறுவனம் பிழைத்தாலே முதலீட்டாளரும் பிழைத்துவிடுவார் என்பதில்லை. அமெரிக்க வங்கியான சிட்டி குரூப் திவாலாகவில்லை. ஆனால் 2008 முடிவில் 550 கோடிக்கும் குறைவாக இருந்த அதன் பங்குகள், 2009 முடிவில் 2,800 கோடியைத் தாண்டின. பழைய லாபம் முழுதும் திரும்பி வந்தாலும், ஒரு பங்குக்குக் கிடைப்பது ஐந்தில் ஒன்றுதான். கடன் தவணை முக்கியம் என்பதற்கு இதுவும் காரணம்: கட்ட முடியாத தவணை கடைசியில் புதுப் பங்காக மாறிப் பழைய பங்குதாரரின் தலையில் விழுகிறது.

மலிவா என்று அறிய எல்லோரும் எடுப்பது விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம். எஃகு, சிமென்ட், வாகனம், கப்பல் போக்குவரத்து போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களில் இது ஏமாற்றும். போன ஆண்டின் உச்ச லாபத்தை வைத்துப் பார்த்தால் விகிதம் 5 என்று நிற்கும். அடுத்த ஆண்டு லாபம் ஐந்தில் ஒன்றாகும்போது அதே விலை 25 மடங்காகத் தெரியும். ஏழு முதல் பத்து ஆண்டுகளின் சராசரி லாபத்தை வைத்து வகுப்பதே சரி.

எப்போது வாங்குவது? நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருந்தால் சந்தை முந்திக்கொள்ளும். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு அடிமட்டத்தைத் தொட்டது 2009 மார்ச் 9 அன்று. அந்நாட்டில் வேலையின்மை 10 சதவீத உச்சத்தை எட்டியது அதே ஆண்டு அக்டோபரில். அதற்காக முதல் ஏற்றத்தையே நம்பி இறங்குவதும் ஆபத்து. அமெரிக்காவின் இன்னொரு பங்குக் குறியீடான டோவ் ஜோன்ஸ் 1929 நவம்பரிலிருந்து 1930 ஏப்ரல் வரை சுமார் 48 சதவீதம் ஏறியது. பிறகு 1932 ஜூலை வரை இறங்கி, 1929 உச்சத்திலிருந்து 89 சதவீதம் சரிந்து நின்றது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி, பணத்தைப் பிரிப்பது. பாதியை 12 மாதச் சம தவணைகளாக, விலை என்னவாக இருந்தாலும் போடுங்கள். மறுபாதியை உச்சத்திலிருந்து 20, 30, 40 சதவீதம் சரிந்த கட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவணைப் பாதி மட்டும் இருந்தால் ஆழமான சரிவில் கூடுதலாக வாங்கக் கையில் பணம் இருக்காது. சரிவுக் கட்டங்களுக்கான பாதி மட்டும் இருந்தால் அந்தக் கட்டம் வராமலே சந்தை திரும்பிவிடலாம். 2020-இல் அதே எஸ் அண்ட் பி குறியீடு 34 சதவீதம் சரிந்து மார்ச் 23 அன்று திரும்பியது. 40-க்குக் காத்திருந்த பணம் காத்திருந்தபடியே கிடந்தது. ஒரே நிறுவனத்தில் மொத்தத் தொகையின் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

கடன் வாங்கிப் போடவே கூடாது. வேலை போவதும் பங்கு சரிவதும் ஒரே மாதத்தில் நடக்கக்கூடும் என்பதுதான் நெருக்கடியின் இயல்பு. 12 மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதே முதலீட்டுக்கான பணம். நீண்ட காலம் என்பது எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2007 அக்டோபர் உச்சத்தை எஸ் அண்ட் பி 500 மீண்டும் தாண்ட 2013 மார்ச் ஆனது. ஜப்பானின் நிக்கி குறியீட்டுக்கு 1989 டிசம்பர் உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள் பிடித்தன. மொத்தப் பணத்தையும் ஒரே நாட்டுச் சந்தையில், அதுவும் உச்ச விலையில், போடக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆண்டறிக்கை படிக்க நேரமோ பழக்கமோ இல்லாதவர்கள் ஒரு குறியீட்டிலுள்ள பங்குகளை எல்லாம் வாங்கி வைக்கும் பரந்த குறியீட்டு ஃபண்டோடு நின்றுகொள்ளலாம். மூழ்கும் நிறுவனம் குறியீட்டிலிருந்து வெளியேறி, அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில் இல்லை.

தனிப் பங்கு வாங்குபவருக்குத்தான் உங்கள் பட்டியல் தேவை. விலைக்குப் பக்கத்தில் நான்கு கட்டங்களைச் சேருங்கள்: கையிருப்பு ரொக்கம், 12 மாதங்களில் கட்ட வேண்டிய கடன், ஆண்டு வட்டிச் செலவு, ஓராண்டில் கூடிய பங்குகளின் எண்ணிக்கை. நிறுவனங்கள் வெளியிடும் கணக்குகளிலேயே இவை இருக்கின்றன. எந்தத் தேதியின் கணக்கு என்பதைக் கட்டாயம் போடுங்கள். நெருக்கடியில் ஆறு மாதப் பழைய ரொக்கம் இன்று இருக்கும் என்று சொல்ல முடியாது. வங்கி, காப்பீட்டு நிறுவனங்களுக்கு நடுவிலுள்ள இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்