மேல்வீட்டுச் சத்தம் கேட்கவில்லையே என்று கதவைத் தட்டியவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் இரண்டு நாள் எனக்குச் சரியாக நினைவிலேயே இல்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன். நன்றி சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. இங்கே இருப்பவர்களுக்கு என் அரைகுறை ஸ்பானிஷில் சொல்லிவிட்டேன். அதில் அடங்காமல் போனதுதான் இந்தத் தமிழ்.

இந்த ஊர் தேனியா, ஸ்பெயினில் கடலோரம். (தேனி இல்லை. எங்கள் சித்தப்பா இன்னும் நான் வைகை அணைப் பக்கம் இருப்பதாகத்தான் நினைக்கிறார்.) நான் இருப்பது துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஐந்து மாடிக் கட்டடம். ஆகஸ்ட் மாதம் லிஃப்டுக்கே வரிசை நிற்கும். அக்டோபர் வந்தால் கோடைவீட்டுக்காரர்கள் எல்லாரும் பெர்சியானாவை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெர்சியானா என்பது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் உருட்டுத் திரை, நம் கடை ஷட்டருக்குத் தம்பி. குளிர்காலத்தில் மொத்தக் கட்டடத்தில் ஆள் இருக்கும் வீடு மூன்றே மூன்று. என் வீடு, எனக்குக் கீழே இந்த ஊர்ப் பாட்டி ஒருவர் வீடு, தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற டச்சுக்காரர் ஒருவர் வீடு.

சென்னையில் காலை பத்து மணிக்குக் கூடும் கூட்டத்துக்கு இங்கே குளிர்காலத்தில் ஐந்தரைக்கு உட்கார வேண்டும். உட்காருவதற்கு முன் பெர்சியானாவை ஏற்றுவேன். கும்மிருட்டில் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. விடியுமுன் வாசல் தெளிக்கிற வீட்டில் வளர்ந்த பழக்கம். அது பழைய பெர்சியானா, நாடாவை இழுத்தால் கடகடவென்று கட்டடமே அதிரும். பாட்டி இரண்டு தடவை மேலே வந்து சண்டை போட்டிருக்கிறார். ஒருநாள் கதவில் சீட்டு ஒட்டியிருந்தது: "இது வீடா, கடையா?"

அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. பாட்டி ஏழு மணி வரை தூங்கிவிட்டாராம். எழுந்து கடிகாரத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. மணி அடித்திருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார், அப்புறம் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிட்டிருக்கிறார். "கோபப்படலாம் என்று படுத்திருந்தேன், கோபப்பட ஒன்றும் வரவில்லை" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்.

உயிரைக் காப்பாற்றியதற்கு ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வேட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

முந்தின நாள் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்ட துணி அப்படியே கிடந்தது. நடுவில் மழை வேறு. நான் வீடு திரும்பிய அன்று மாலை பாட்டி ஒரு கூடையோடு வந்தார். எல்லாவற்றையும் மறுபடி துவைத்து, உள்ளாடை வரைக்கும் இஸ்திரி போட்டிருந்தார். மேலே என் எட்டு முழ வேட்டி. பச்சைக் கரையைக் கரையோடு சேர்த்து, கஞ்சியும் போட்டு, சதுரமாக மடித்து, விரித்தால் நடுவில் கூட்டல் குறி மாதிரி மடிப்பு விழும்படி. மேசைவிரிப்பு என்று நினைத்துவிட்டார்.

"அழகான துணி. ஆனால் இவ்வளவு நீளமா! உன் மேசையில் எத்தனை பேர் உட்காருவீர்கள்?" என்றார்.

என் மேசையில் ஒரு லேப்டாப்பும் ஒரு தட்டும்தான் கொள்ளும். அது இடுப்பில் கட்டுகிற துணி என்று சொல்லியிருக்கலாம். அந்த மடிப்பைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை. எட்டு முழம்தானே, "எட்டுப் பேர்" என்று சொல்லிவிட்டேன். பாட்டி தலையாட்டிவிட்டு, "நான் ஒருவரையும் பார்த்ததில்லையே, சிக்கெத்" என்றார். சிக்கெத் என்றால் வலென்சியா மொழியில் பையன். எனக்கு நாற்பத்திரண்டு.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், மன்னியுங்கள். மாத்திரைகளை வேளைவாரியாகப் படம் வரைந்து கொடுத்த மூலை மருந்துக்கடை அம்மா. ராஜாக்கள் திருநாளன்று (ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் நாள்) அதற்கென்றே செய்யும் வளைய வடிவ ரொஸ்கோன் ரொட்டியில் பாதியை வெட்டி அனுப்பிய பார்க்காரத் தம்பதி. வலென்சியாவிலிருந்து ரயிலில் காந்தியா வரை, அங்கிருந்து பஸ் பிடித்து, மூன்று தடவை வந்துபோன இரண்டு நண்பர்கள் (காந்தியா - தேனியா ரயில் 1974-லேயே நின்றுவிட்டது, ஊர்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்). என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட சென்னை டீம். "அவனுக்கு நெட் இல்லையாம்" என்றே பத்து நாள் சமாளித்த தம்பி. அம்மா, இப்போதுதான் தெரிந்துவிட்டதே, அவனைத் திட்டாதே.

உண்மையைச் சொன்னால், இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதற்காகத்தான். எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்க ஆள் இல்லாத சௌகரியம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரமெல்லாம் கீழ்வீட்டில் ஒருவர் என் காலைகளைக் கணக்கு வைத்திருக்கிறார், திட்டிக்கொண்டே. போன மாதம் பெர்சியானாவுக்கு எண்ணெய் போட ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். அதைப் பாட்டி பார்த்துவிட்டார். போடாதே என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டும். தைப் பொங்கலுக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது. பாட்டி, டச்சுக்காரர், மருந்துக்கடை அம்மா, பார்க்காரர்கள் இருவர், வலென்சியா நண்பர்கள் இருவர், நான். எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு. இன்னொரு மேசையை டச்சுக்காரர் தருகிறார். வேட்டியை விரிக்கப் போகிறேன்.

வலென்சியாக்காரர்களே, வரும்போது ஒரு கிலோ பச்சரிசி கொண்டு வாருங்கள். பக்கத்துப் பெகோவில் விளைகிற பொம்பா அரிசி இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குழைய மாட்டேன் என்கிறது.