உன் விருப்பத்தைக் குறித்து

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடிருப்பதாக. உன் கடிதம் கிடைத்தது. நல்ல சம்பளமுள்ள வேலையை விட்டுவிட்டுச் சிற்பக்கலை படிக்கப் போகவேண்டும் என்ற எண்ணம் உன்னை விடாமல் தொடர்கிறது என்றும், ஆனால் அது உன் சொந்த ஆசைதானே என்று தோன்றுவதால் அதற்காக ஜெபிக்கவே கூச்சமாயிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

"சுயம் சாகவேண்டும்" என்று பிரசங்கங்களில் கேட்டே வளர்ந்தவன் நீ. தன்னை வெறுத்துச் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொன்னவர் ஆண்டவரே என்பதால், அதை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனாலும் மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப்பார். சீஷர்களான யாக்கோபும் யோவானும் ஆண்டவரிடத்தில் வந்து, தாங்கள் கேட்பதைச் செய்யவேண்டும் என்கிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்கிறார். மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் வேண்டும் என்கிறார்கள். அதே அதிகாரத்தின் முடிவில், எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த குருடனாகிய பர்திமேயு, பேசாதே என்று பலர் அதட்டியும் இன்னும் அதிகமாகக் கூப்பிட்டு, மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். அவனிடத்திலும் அதே கேள்விதான். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கே நின்ற யாருக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும், அவன் தன் வாயால் சொல்லும்வரை ஆண்டவர் காத்திருந்தார். பர்திமேயு கேட்டது கிடைத்தது. சகோதரர் இருவரும் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்டதற்காக அவர்கள் துரத்தப்படவும் இல்லை. தாங்கள் கேட்கிறது இன்னது என்று அறியாமல் கேட்கிறார்கள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல, அவர்கள் முதலில் அதை வெளியே சொல்லவேண்டியிருந்தது. உள்ளே மூடிவைத்திருந்தால் அந்த ஆசை அப்படியே திருத்தப்படாமல் இருந்திருக்கும்.

சிலுவைக்கு முந்தின இராத்திரி ஆண்டவர் ஜெபித்த கெத்செமனேயிலும் இதையே பார்க்கிறேன். "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்பது முதலில் வருகிறது. "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்பது அதற்குப் பின்பு வருகிறது. நம்மில் பலர் முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதிக்குத் தாவி, அதைப் பக்தி என்று எண்ணிக்கொள்கிறோம். விருப்பம் எதுவும் இல்லாதவன் ஒப்புக்கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

விருப்பங்கள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்லவில்லை. பத்துக் கட்டளைகளில் பத்தாவது, பிறனுடைய வீட்டையும் மனைவியையும் எருதையும் கழுதையையும் பெயர் சொல்லி விலக்குகிறது; அடுத்தவனிடமிருந்து எடுத்தால்தான் நிறைவேறும் என்கிற ஆசையை ஜெபத்தில் கொண்டுவந்தால், அதை விட்டுவிடுவதற்காகவே கொண்டுவரவேண்டும். உன் ஆசையில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இஸ்ரவேலரின் தொழுகைக் கூடாரமாகிய ஆசரிப்புக்கூடார வேலைக்கென்று பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியினால் நிரப்பினதாக யாத்திராகமம் சொல்லும்போது, அந்த வேலைகளில் கல்லை வெட்டுவதும் மரத்தில் சித்திரவேலை செய்வதும் அடங்கும்.

இன்னொன்றைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கூச்சத்திலிருந்து தப்பிக்க நம்மவர்கள் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு: தங்களுக்குப் பிடித்ததைத் "தேவசித்தம்" என்று அறிவித்துவிடுவது. கர்த்தர் என்னோடு பேசினார் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன்பின் மனைவியோ தகப்பனோ சபையின் மூப்பரோ ஒரு கேள்வியும் கேட்க முடியாது. நீ அப்படிச் செய்யாதே. "இது என் விருப்பம், இதைக் கர்த்தரிடத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்வதே நேர்மையானது. தேவனுக்கு ஆலயம் கட்டவேண்டும் என்பது தாவீது ராஜாவின் சொந்த விருப்பம்தான்; ஒருவரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி அவசரப்பட்டு, மனதில் உள்ளதையெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அன்று இராத்திரியே அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கட்டப்போகிறவன் தாவீதின் குமாரன் என்று பதில் வந்தது. பின்னாளில் அந்தக் குமாரனாகிய சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையின்போது சொல்வதைக் கவனி: அந்த விருப்பம் தாவீதின் மனதில் இருந்தது நல்ல காரியந்தான் என்று கர்த்தரே சொன்னாராம். மறுக்கப்பட்ட ஒரு விருப்பம் மெச்சிக்கொள்ளவும் பட்டது. கிடைக்காமற்போனதாலேயே ஒரு ஆசை தவறானது என்று ஆகிவிடாது என்பதற்கு, வேதத்தில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

தாயாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மோனிக்காவை. 383இல் பின்னாளில் சபையின் பெரிய போதகனான அவளுடைய மகன் அகஸ்டின், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்குப் புறப்படப் பார்த்தபோது, போகவிடாமல் அவனைப் பற்றிக்கொண்டாள். அவன் ஒரு பொய்யைச் சொல்லி, கடற்கரைக்கு அருகில் இரத்தசாட்சியான சிப்பிரியானின் நினைவாக இருந்த ஆலயத்தில் அவளை இரவு தங்கச் செய்து, அவள் அழுது ஜெபித்துக்கொண்டிருக்கையிலேயே கப்பலேறிவிட்டான். மகன் போகக்கூடாது என்பது அவளுடைய அன்றைய மன்றாட்டு. மகன் விசுவாசத்துக்கு வரவேண்டும் என்பதோ அவளுடைய பல வருடத்து மன்றாட்டு. அந்தப் பயணம்தான் அவனை மிலானுக்கும் அம்புரோஸ் ஆயரிடத்துக்கும் கொண்டுசேர்த்து, 387ஆம் ஆண்டு ஈஸ்டரில் ஞானஸ்நானத்தில் முடிந்தது. எப்போதும் கேட்டதைத் தரும்படிக்கே அன்று கேட்டதைக் கர்த்தர் தரவில்லை என்று, இதைத் திரும்பிப் பார்த்து எழுதியவன் அந்த மகனே. (அம்மாவை ஏமாற்றிப் போனதை அவன் நியாயப்படுத்தவில்லை என்பதையும் நீ கவனிக்கவேண்டும்.)

என் விருப்பத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அந்த வேலையிலேயே இருந்து, கடன் இல்லாமல், கவலை இல்லாமல் வாழவேண்டும் என்பதே என் ஆசை. அதைத் தேவசித்தம் என்று உனக்கு எழுதமாட்டேன். அது ஒரு தாயின் ஆசை, அவ்வளவுதான். நீ உன்னுடையதைக் கூச்சமில்லாமல் கேள். நான் என்னுடையதைக் கேட்கிறேன். இரண்டும் ஒரே பிதாவிடத்தில்தான் போய்ச் சேருகின்றன. எதைத் தருவது என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

படிப்பு எத்தனை வருடம், அதுவரை கைச்செலவுக்கு என்ன செய்வாய், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதையெல்லாம் விவரமாக எழுது. அப்பாவும் அதையே கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா