நூலக நிகழ்ச்சிகள் வாசகரின் நேரத்தைப் பார்த்து அமையட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது நூலகத்தின் நெடுநாள் உறுப்பினர், வாரந்தோறும் அங்கே கதை நேரத்தில் தன்னார்வலராக உதவுபவர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். அனைத்து வயதினருக்குமான நிகழ்ச்சிகள் என்று நூலகங்கள் அறிவிப்பவை பெரும்பாலும் ஏதாவதொரு சிறப்பு நாளையொட்டி நடக்கும் போட்டிகளாகவும் சொற்பொழிவுகளாகவும் முடிந்துவிடுகின்றன. உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23 அன்று அரங்கு நிரம்பி வழிகிறது. மறுவாரம் அதே அரங்கு பூட்டிக் கிடக்கிறது. அன்று பரிசு வாங்கிச் சென்ற பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்து புத்தகம் எடுத்தார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

யுனெஸ்கோ 1949-இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் 1994-இலும் 2022-இலும் உலக நூலகக் கூட்டமைப்புடன் சேர்ந்து புதுப்பித்த பொது நூலக அறிக்கை, எல்லா வயதினரும் தம் தேவைக்கேற்றவற்றை நூலகத்தில் காண வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது. அதற்கும் முன்பே, 1931-இல், இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கென வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நூலை விரைவாகத் தேடித் தருவதைப் பற்றியதாகவே இவ்விதியைப் பலரும் விளக்குவார்கள். நிகழ்ச்சிகளுக்கும் இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. யாரை அழைக்கிறோமோ அவரால் வரமுடியாத நேரத்தில் நடத்தினால், எவ்வளவு நல்ல நிகழ்ச்சியும் அவருக்கு இல்லாத நிகழ்ச்சிதான்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். இவர்களுக்கு இருபது நிமிடம் தாராளம். உறங்கி எழுந்து பசியாறிய நேரமாக இருக்க வேண்டும். பெற்றோர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே பாட்டில் தொடங்கி அதே பாட்டில் முடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வருவதுதான் அந்த வயதில் இன்பம். நான் உதவும் கதை நேரத்தில் ஒரு குழந்தை கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தாளைப் புரட்டிப் புரட்டி, தனக்கு மட்டுமே புரிந்த மொழியில் உரக்க 'வாசித்தது'. திருத்தப் போன தாயை நூலகர் கையசைத்துத் தடுத்தார். அடுத்த வாரம் உள்ளே நுழைந்ததுமே அந்தக் குழந்தை யாரும் சொல்லாமல் அதே அலமாரிக்கு நடந்து போய் அதே புத்தகத்தை இழுத்தது. ஆண்டுக்கொரு பெருவிழாவில் இது நடக்க வாய்ப்பே இல்லை.

எனக்கு மிகுந்த கவலை தருபவர்கள் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள். சிறுவர் பகுதியில் நாற்காலி முழங்கால் உயரம். பெரியவர் பகுதியில் உட்கார்ந்தால் 'உனக்கு இங்கே என்ன வேலை' என்பதுபோல் பார்வைகள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, முதுகைச் சாய்த்து நின்றபடியே ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்த சிறுமியை நானே பார்த்திருக்கிறேன். இந்த வயதினருக்காக நாம் உட்கார்ந்து திட்டமிடுவதைவிட, திட்டத்தையே அவர்களிடம் கொடுத்துவிடுவது நல்லது. எந்த நூலைப் பற்றிப் பேசுவது, யார் பேசுவது, எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். படித்த நூலைப் பற்றி நான்கு வரி எழுதி அலமாரியில் செருகி வைக்கவும் இடம் கொடுக்கலாம். நூலகர் பரிந்துரைக்கும் நூலைவிடச் சக வயதினர் ஒருவர் பரிந்துரைக்கும் நூல் விரைவில் கைமாறும்.

வேலைக்குச் செல்வோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு வைக்கும் வாசகர் வட்டத்துக்கு அவர்களால் வர இயலாது. மாலையிலோ விடுமுறை நாளிலோ வைத்தால் வருவார்கள்.

முதியோருக்கு அழைப்பிதழோடு வசதியும் வேண்டும். அச்செழுத்தின் அளவு பதினாறு புள்ளிக்குக் குறையாத பெரிய எழுத்து நூல்கள், கைப்பிடியுள்ள நாற்காலி, நிழல் விழாத வெளிச்சம், சிறிய அறையானாலும் ஒலிபெருக்கி ஆகிய நான்கும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அச்செழுத்தை வாசிக்க இயலாதவர்களுக்கான ஒலிநூல்களையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே வைக்க வேண்டும். இத்தகைய வடிவங்களில் நூல்களை உருவாக்கிப் பகிரப் பதிப்புரிமை தடையாகக் கூடாது என்பதற்காகவே 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. இன்னொன்று: பேரப்பிள்ளையைக் கதை நேரத்துக்கு அழைத்து வரும் பாட்டி வாசலில் காத்திருக்கிறார். அதே நேரத்தில் பக்கத்து அறையில் பெரியவர்களுக்கான வாசிப்பை வைத்தால், ஒரே பயணத்தில் இருவரும் வாசகராவார்கள். இதற்குப் புதிதாகச் செலவு ஏதும் இல்லை, நேரப் பட்டியலைச் சற்று மாற்றியெழுதினால் போதும்.

என் சொந்த மனக்குறை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நூலகத்தில் நடந்த அருமையான உரையைக் கேட்டு, பேசப்பட்ட நூலை அன்றே எடுத்துச் செல்லும் ஆவலோடு இறங்கி வந்தேன். இரவல் பிரிவு மூடியிருந்தது. என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நிகழ்ச்சிக்குத் தொடர்புடைய நூல்களை அரங்கின் வாயிலிலேயே ஒரு மேசையில் அடுக்கி, கூட்டம் கலையும்வரை இரவல் பிரிவைத் திறந்து வைத்திருப்பது பெரிய காரியம் அல்ல. வருகைப் பதிவேட்டில் தலைகளை எண்ணுவதோடு நில்லாமல், அடுத்த இரண்டு வாரங்களில் அந்நூல்கள் எத்தனை முறை இரவல் போயின என்பதையும் குறித்து வைத்தால், எதைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்பது நூலகருக்கே விளங்கிவிடும்.

அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுதுவதற்கு முன், ஒரு மாத காலம் நுழைவாயிலில் ஒரு வெள்ளைப் பலகையை வைத்து, 'உங்கள் வயது என்ன, எந்த நாளில் எந்த நேரத்தில் உங்களால் வரமுடியும்' என்று ஒவ்வொரு நூலகமும் கேட்க வேண்டும். நூலகத்துக்கு வராதவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்குத் தங்கள் நாளிதழின் துணை தேவை. வாரம் ஒருமுறை நூலக நிகழ்ச்சிகளை, யாருக்கானது, எத்தனை மணிக்கு என்ற விவரங்களுடன் ஒரு சிறு பத்தியில் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொது நூலக வாசகர் ஒருவர்