அந்த எண்ணெய் யாருக்குள் அழித்தது?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

போன ஞாயிறு மலரில் கருஞ்சீரக எண்ணெய் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "புற்றுநோய்க் கலங்களை அழிப்பது நிரூபிக்கப்பட்டுள்ளது, பக்கவிளைவு அறவே இல்லை." எங்கே அழித்தது, யாருக்குள் அழித்தது என்று எழுதியவர் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லைப் போலும். அந்த எண்ணெயில் உள்ள தைமோகுயினோன் என்ற பொருள் ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களைக் கொல்வது உண்மைதான். தட்டிலுள்ள கலத்தைக் கொல்ல உப்பை அள்ளிக் கரைத்து ஊற்றினாலும் போதும். எண்ணெய் குடித்து மனிதருக்குப் புற்றுநோய் மாறும் என்று காட்டப்படவில்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

மூலிகை என்றால் முகம் சுளிக்கிற ஆள் என்று என்னை நினைக்க வேண்டாம். என் ஐயா தம்பலகாமத்தில் பரியாரி. எண்ணெய் காய்ச்சுகிற நாளில் அம்மாவுக்கு அடுப்பு கிடையாது. கடைசியில் ஐயா திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவார். சடசடத்தால் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. சத்தமில்லாமல் எரிந்தால் சட்டியை இறக்கலாம். சுளுக்கு, பிடிப்பு, வாதம், அவ்வளவுக்குத்தான் கொடுப்பார். கட்டி என்று வந்தவரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவார். பிள்ளைக்கு வேப்பெண்ணெய் பருக்கினோம் என்று வந்த தாய்மாரை, வலிப்பு வரும் என்று ஏசிக் கலைத்ததையும் பார்த்திருக்கிறேன். பக்கவிளைவு அறவே இல்லையாம்!

என் தங்கச்சிக்கு 2016இல் மார்பில் கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவு. வெட்டினால் பரவும் என்று யாரோ சொல்ல, ஏழு மாதம் எண்ணெய். போத்தல் 4,500 ரூபா. இரவில் பூசிப் படுப்பாள், விடிய ஒரு கரண்டி குடிப்பாள். அவளுடைய தலையணை உறையில் பட்ட கறை இன்றைக்கும் போகவில்லை. தேசிக்காய் அளவான பிறகுதான் சட்டையை விலக்கி எனக்குக் காட்டினாள். அதன் பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எத்தனை இரவு பஸ் ஏறினோம் என்று எண்ணவில்லை. செத்தவீடு முடிந்து அவளுடைய கிளினிக் கொப்பியைத் திறந்தபோது, உள்ளே நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு. எந்தப் பத்திரிகை என்று சொல்லவும் வேண்டுமா?

அப்போதும் எழுதினேன். நாலு பந்தியை ஒன்றாகக் குறுக்கி, பெயரையும் பிழையாகப் போட்டு, மேலே "மூலிகையின் மகிமை" என்று தலைப்பும் வைத்தீர்கள். நன்றி. எங்கள் ஊர்ச் செய்திக்கு இருந்த பக்கத்தையும் எடுத்துவிட்டு ராசிபலனைப் பெருப்பித்தீர்கள். பத்திரிகை இங்கே பிந்தி வருவதால் அந்த ராசிபலனையும் மத்தியானத்துக்குப் பிறகுதான் வாசிக்கக் கிடைக்கிறது.

மூலிகை பற்றி எழுத ஆசை என்றால் எழுத எவ்வளவோ இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்களா? எங்கள் முற்றத்துப் பட்டிப்பூச் செடி (நித்தியகல்யாணி) இருக்கிறதே, அந்த இனத்திலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை எடுத்தார்கள். 1960களிலிருந்து பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றுகிறார்கள். தனியே பிரித்து, அளவு கண்டு, நோயாளரில் சோதித்து, நாளத்தில் ஏற்றுகிற மருந்து அது. அதே செடியை வீட்டில் காய்ச்சிக் குடித்தால் நஞ்சு. இதை எழுதினால் எண்ணெய் விளம்பரம் வராது, அது வேறு கதை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம், அடுத்த ஞாயிறு மலரில், அதே பக்கத்தில். "கண்ணாடித் தட்டில்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் சரி. எழுத்து, கட்டுரைக்குக் கீழே போட்டிருந்த எண்ணெய்க் கடையின் தொலைபேசி இலக்கத்தின் அளவிலாவது இருக்கட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். எப்படியும் பிழையாகத்தான் போடுவீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
உவர்மலை, திருகோணமலை.