9, 10-ஆம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: ‘காந்தி’ படம் திரையிடுவது பற்றி

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை காலை நம் பள்ளிக் கூட்ட அரங்கில் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘காந்தி’ படத்தைத் திரையிடுகிறோம். ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கி 1982-இல் வந்த படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும்; நடுவில் இடைவேளை விடுவோம். வசனம் ஆங்கிலத்தில் இருப்பதால் சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஆங்காங்கே நிறுத்தி விளக்குவார்கள்.

பரீட்சை நேரத்தில் சினிமா எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். உப்புச் சத்தியாகிரகம் நடந்த தேதியைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால், “அடிச்சா திருப்பி அடிக்காம இருக்கிறது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லையா சார்?” என்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் சொல்லும் விளக்கத்தைவிட தாராசனா காட்சி நன்றாகப் பதில் சொல்லும். 1930 மே மாதம். காந்தி அப்போது சிறையில். குஜராத்தின் தாராசனா உப்பளத்தை நோக்கித் தொண்டர்கள் வரிசை வரிசையாக நடக்கிறார்கள். தலையில் லத்தி இறங்குகிறது. தடுக்கக்கூட ஒருவர் கையும் உயரவில்லை. விழுந்தவர்களைப் பெண்கள் தூக்கிப்போய்க் கட்டுப்போடும்போதே அடுத்த வரிசை அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. அடி விழும் என்று தெரிந்தே எடுத்துவைக்கும் அந்த அடிகளை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இறுதி ஊர்வலக் காட்சியையும் சொல்ல வேண்டும். கணினி வரைகலை இல்லாத காலம். டெல்லியில் மூன்று லட்சம் பேருக்கு மேல் நேரில் திரண்டு நின்றார்கள்.

படம் முழு வரலாறு ஆகிவிடாது. அம்பேத்கர் இதில் இடம்பெறவே இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கான தொகுதிகள் பற்றி அவர் தரப்புக்கும் காந்தி தரப்புக்கும் இடையே ஏற்பட்ட 1932-இன் பூனா ஒப்பந்தமும் இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திய உப்பு யாத்திரையும் கிடையாது. திங்கட்கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் எடுத்துப் பேசுவோம்.

காந்தி சுடப்படுவதில்தான் படம் தொடங்குகிறது. ஜாலியன்வாலாபாக் துப்பாக்கிச் சூடும் பிரிவினைக் கலவரமும் மனதைக் கலங்கடிக்கும். உங்கள் பிள்ளை தாங்காது என்று தோன்றினால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம். பெற்றோரும் வந்து பார்க்கலாம், பின்வரிசையில் நாற்காலி போட்டிருப்போம்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்