சரிக்கட்டுதல்களை மாணவரே தேடட்டும்: வணிகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் வணிகவியல் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் வேலூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கராக இருக்கிறேன். இந்த வட்டாரக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழியில் பி.காம். படித்தவன். சென்ற ஜூன் மாதம் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், சிறிய கூட்டாண்மை நிறுவனம் ஒன்றின் இருப்பாய்வையும் (எல்லாக் கணக்குகளின் நிலுவைப் பட்டியல்), அதனுடன் பில்கள், வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் அடங்கிய கோப்பையும் கொடுத்து, இறுதிக் கணக்கு தயாரிக்கச் சொன்னேன். உயர்நிலைக் கணக்கியலில் (அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்) நல்ல மதிப்பெண் பெற்றவர், கையெழுத்தும் கணக்கும் அத்தனை சுத்தம். அரைமணி நேரம் கோப்பைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்து, "சார், அட்ஜஸ்ட்மென்ட் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் அவருடைய குறை எதுவும் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் தொடங்கிய நாள் முதல் முதுகலை வரை அவர் செய்த ஒவ்வொரு கணக்கிலும் இருப்பாய்வுக்குக் கீழே சரிக்கட்டுதல்கள் (அட்ஜஸ்ட்மென்ட்), அதாவது ஆண்டிறுதியில் கணக்கில் செய்ய வேண்டிய திருத்தங்கள், அச்சிடப்பட்டிருந்தன: இறுதிச் சரக்கிருப்பு இவ்வளவு, கொடுபட வேண்டிய சம்பளம் இவ்வளவு, ஐயக்கடன் ஒதுக்கு ஐந்து விழுக்காடு. எந்தத் தொகையை எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதை அவர் அறிவார். அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்பதை அவரிடம் எவரும் கேட்டதில்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில் கணக்கருக்குச் சம்பளம் தருவதே, காப்பீட்டுப் பத்திரத்தின் தேதியைப் பார்த்து, கட்டிய பிரீமியத்தில் ஐந்து மாதம் அடுத்த ஆண்டைச் சேர்ந்தது என்று தாமாகக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உயர்நிலைக் கணக்கியல் தாளில், ஒவ்வோர் அலகிலும் ஒரு கணக்காவது ஆவணங்களிலிருந்து தொடங்கட்டும். சரிக்கட்டுதல்களை மாணவரே தேடி எடுக்கட்டும். இதற்கான ஆவணங்களுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை, பழைய வடாற்காடு மாவட்டத்தின் தொழில்களே போதும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன்.

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் 10-ஆம் தேதி ஒரு லட்சம் டாலருக்கு விலைப்பட்டியல் அனுப்புகிறது. அன்று டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விற்பனை 83 லட்சம் ரூபாய். மார்ச் 31 அன்று டாலர் 84 ரூபாய். பணம் இன்னும் வரவில்லை. வெளிநாட்டு நாணயக் கணக்குகளுக்கான கணக்கியல் தரநிலை 11-இன்படி, பணம் தர வேண்டிய கடனாளியை 84 லட்சமாகக் காட்டி, ஒரு லட்சம் ரூபாயை அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். மே மாதம் டாலருக்கு 83.50 வீதம் பணம் வந்தால், அடுத்த ஆண்டில் ஐம்பதாயிரம் ரூபாய் நட்டம். மாணவரிடம் விலைப்பட்டியலையும் வங்கி அறிக்கையையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். மார்ச் 31-ஆம் தேதியின் மாற்று விகிதம் அந்த இரண்டு தாள்களிலும் இருக்காது என்பதால், அது தேவை என்று அவரே உணர்ந்து கேட்க வேண்டியிருக்கும். கேட்டுவிட்டார் என்றாலே பாதி மதிப்பெண் தரலாம் என்பது என் கருத்து.

அதே நிறுவனம் காலணியின் மேல்பகுதியைத் தோலில் தைக்கும் வேலையைச் சுற்றுவட்டாரச் சிறு பட்டறைகளுக்குக் கூலிக்கு விடுகிறது. ஆண்டிறுதியில் பட்டறையில் கிடக்கும் தோல் யாருடைய சரக்கு? கிடங்கில் எண்ணிய சரக்கை மட்டும் இறுதிச் சரக்கிருப்பாக எழுதினால், நிறுவனத்துக்குச் சொந்தமான தோல் கணக்கிலிருந்தே காணாமல் போகும். வெளியே போன தோலுக்கான செல்லானையும் கூலி வேலைக்கு அனுப்பிய சரக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி.யின் ஐ.டி.சி.-04 படிவத்தையும் ஒப்பிட்டால்தான் அது தெரியவரும். அதே பட்டறைக்குத் தர வேண்டிய கூலி பாக்கி இன்னொரு பாடத்தைத் திறக்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் தராவிட்டால், ஆண்டிறுதியில் நிற்கும் அந்தப் பாக்கியை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் கழிக்க இயலாது, பணம் தந்த ஆண்டில்தான் கழிக்க முடியும் என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இலாப நட்டக் கணக்கில் இந்த ஆண்டுச் செலவு, வரிக் கணக்கில் அடுத்த ஆண்டுச் செலவு. இந்தக் கால வேறுபாட்டால் எழும் வரி விளைவைத்தான் தரநிலை 22 ஒத்திவைக்கப்பட்ட வரி என்கிறது. நான்கு பக்க இலக்கணமாகப் படித்துக் குழம்பும் பாடம், ஒரு தையல் பட்டறையின் பாக்கிச் சீட்டில் விளங்கிவிடுகிறது.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கழிவுநீர் பற்றிய பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிப்படுத்திய அந்தத் தீர்ப்பை நாடெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரோடு சேர்த்தே படிக்கிறார்கள். நம் வணிகவியல் மாணவர்களோ அதைக் கணக்கியல் கண்கொண்டு பார்ப்பதில்லை. அத்தீர்ப்பு தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. அத்தொகையைப் பதிவதில் சிக்கல் இல்லை. ஆனால் இன்னும் மதிப்பிடப்படாத இழப்பீட்டை என்ன செய்வது? நடந்து முடிந்த செயலால் எழுந்த கடமை, பணம் வெளியேற வாய்ப்பு மிகுதி, தொகையை நம்பத்தக்கவாறு மதிப்பிட முடியும் என்ற மூன்றும் இருந்தால் ஒதுக்கு உருவாக்க வேண்டும், அதாவது அத்தொகையை இப்போதே பொறுப்பாகக் கணக்கில் பதிய வேண்டும். இல்லையேல், வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையிலுள்ள பொறுப்பாகக் குறிப்பில் மட்டும் காட்ட வேண்டும் என்கிறது தரநிலை 29. இத்தரநிலை 2004-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே, "அன்றே இது இருந்திருந்தால் 1996 மார்ச்சில் என்ன பதிந்திருப்பீர்கள், 1997 மார்ச்சில் என்ன பதிந்திருப்பீர்கள்?" என்று கேட்கலாம். இரண்டு ஆண்டுக்கும் விடை ஒன்றல்ல. ஏன் என்று எழுதுவதில்தான் மாணவரின் படிப்பு தெரியும்.

கூட்டாண்மைப் பாடங்களைக் குறைக்கச் சொல்லவில்லை. இங்குள்ள தொழில்களில் பல இன்றும் அண்ணன் தம்பி கூட்டுதான். கூட்டாளி விலகல் கணக்கை ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் போதும்.

தமிழ்வழி மாணவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டு வரவு செலவு நோட்டில் கைக்கு வந்த பணம் வரவு. கல்லூரியில் ரொக்கக் கணக்கில் அதே பணம் பற்று. முதலாண்டில் இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்காமல் விட்டால், மாணவர் உயர்நிலைத் தாள் வரை விதிகளை மனப்பாடம் செய்தே கடக்கிறார்; நானும் அப்படித்தான் கடந்தேன். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் என் அம்மாவின் பெயருக்கு எழுதிய நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது: அம்மா வாங்கிய அரிசி அம்மாவின் பற்று, அம்மா கட்டிய பணம் அம்மாவின் வரவு. பெறுபவர் பற்று, தருபவர் வரவு; பணத்தைப் பெறும் ரொக்கக் கணக்கும் அப்படித்தான். பாடநூலின் சொற்கள் அந்தக் கடை நோட்டோடு அப்படியே பொருந்துகின்றன. ஆசிரியர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆவணக் கணக்குகளைத் திருத்துவது கடினம், ஒரே விடை வராது என்று நீங்கள் தயங்கக்கூடும். பல நூறு விடைத்தாள்களைச் சில நாளில் திருத்த வேண்டிய பேராசிரியரின் நிலை எனக்குத் தெரியும். அதனால் பருவத் தேர்வில் உடனே வேண்டாம். அகமதிப்பீட்டில், நான்கு மாணவர்க்கு ஒரு கோப்பு என்று தொடங்கலாம்.

வாடிக்கையாளரின் கணக்குகளை வெளியே தர எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு கற்பனைத் தோல் நிறுவனத்துக்காக நானே நாற்பத்தாறு தாள்கள் கொண்ட கோப்பு ஒன்றைத் தயாரித்திருக்கிறேன்; அதற்குள் ஒன்பது சரிக்கட்டுதல்கள் இருக்கின்றன. எந்தக் கல்லூரி கேட்டாலும் நகல் எடுத்துத் தருவேன். விடைகளைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். அது ஆசிரியருக்கு மட்டும்.

இப்படிக்கு,
வேலூரில் பணிபுரியும் கணக்கர் ஒருவர்