வெட்டாமல் ஒளிபரப்பிய நிகழ்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகத் தொலைக்காட்சிச் செய்திகளின் வரலாறு பற்றிய தங்கள் கட்டுரை, அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சியான சி.என்.என். என்றதுமே 1991 வளைகுடாப் போருக்குத் தாவிவிட்டது. 1987 அக்டோபரில் சி.என்.என். நிறுவனர் டெட் டர்னர் தொடங்கிய 'வேர்ல்ட் ரிப்போர்ட்' நிகழ்ச்சிக்கு ஒரு வரிகூட இல்லை.

படத்தொகுப்பு மேசையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். கத்தரி யார் கையில் இருக்கிறதோ, செய்தி அவருடையது. இந்த நிகழ்ச்சியில் அந்தக் கத்தரியை, சி.என்.என். தலைமையகம் இருந்த அட்லாண்டா கீழே வைத்தது. எந்த நாட்டு நிலையமும் தன் செய்தியைத் தானே தயாரித்து ஆங்கிலத்தில் அனுப்ப முடிந்தது. சில நிமிடங்களுக்குள் அடங்கினால் போதும், திருத்தாமல் ஒளிபரப்பினார்கள். அனுப்பிய நிலையங்கள் மற்றவர்களின் செய்திகளையும் எடுத்தாள முடிந்தது. அரசுப் பிரச்சாரமும் உள்ளே நுழைந்தது, மறுக்கவில்லை. நுழையட்டுமே! பார்ப்பவருக்குப் புரியாதா என்ன?

செய்தி பணக்கார நாடுகளிலிருந்து ஒரே திசையில் பாய்கிறது என்று 1980-இலேயே ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ தகவல் தொடர்பை ஆராய அமைத்த மெக்பிரைடு ஆணையம் பக்கம் பக்கமாக எழுதியது. அரசுகள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, லாப நோக்குள்ள ஓர் அமெரிக்க நிறுவனம் வாரந்தோறும் எதிர்த்திசைக்குக் கொஞ்சம் வழிவிட்டது வேடிக்கைதான்.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படத்தொகுப்பாளர் ஒருவர்